பழங்கார் மைலேஜியல்: மூலமும் உரையும்

பாயிரம்

வடக்கே பெருங்களத்தூர், தெற்கே பாலாறு, கிழக்கே கடல், மேற்கே கொளவாய் ஏரி. இந்நான்கு எல்லைக்குள் கிழட்டுக் கார் வைத்திருப்போர் அனைவருக்கும் இந்நூல் உரியது. எல்லைக்கு வெளியே இருப்போர் படிக்கத் தடையில்லை. உப்புக்காற்றுக்கான சலுகை மட்டும் அவர்களுக்குக் கிடையாது.

நூல் நுதலிய பொருள் யாதெனில், பழைய கார் லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று நியாயமாக எதிர்பார்க்கலாம் என்பது. நூல் செய்த காரணம் யாதெனில், பெட்ரோல் பங்க், டீக்கடை, கோயில் வாசல், டோல்கேட் என எங்கே பழங்கார் நின்றாலும் ஒருவர் வருவார், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், "சூப்பரா வெச்சிருக்கீங்க சார்" என்பார், அந்த மகிழ்ச்சி அடங்குமுன் "எவ்ளோ குடுக்குது?" என்பார். இக்கேள்விக்கு இதுவரை யாரும் பொய் கலவாமல் விடை சொன்னதாகத் தெரியவில்லை.

இவ்வட்டாரத்தில் இந்நூல் தோன்றுவதற்கு உரிமையும் உண்டு. கோவென்ட்ரி ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சென்னை யூனியன் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவின் தொழிற்சாலை ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர்ப் பக்கம் இருந்தது. 1961 முதல் ஹெரால்டு கார் அங்கிருந்துதான் வந்தது. தொழிற்சாலை இருந்த மண் அன்று செங்கல்பட்டு மாவட்டம்; 1997-இல் காஞ்சிபுரம் மாவட்டம்; 2019 நவம்பரில் மீண்டும் செங்கல்பட்டு மாவட்டம். ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லாமல் இவ்வளவு பயணம் செய்தது இவ்வூரில் அது ஒன்றே.

முதல் அதிகாரம்: வண்டி வகை

பழங்கார் நான்கு வகைப்படும்: ஊர்ப்பிறவி, வெளியூர்ப்பிறவி, வேடதாரி, இளங்கிழம்.

ஊர்ப்பிறவி என்பது ஹெரால்டும், 1972-இல் அதன் வழித்தோன்றலாக வந்த கெசலும். இரண்டுக்கும் எஞ்சின் 948 சி.சி. ஹெரால்டுக்கு உருவம் வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. முன்பக்கத்துப் பானட் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். ஆகையால் இவ்வண்டி பழுதாகி நின்றால் பார்க்க வருவோர் அனைவருக்கும் ஒரே நேரத்தில் எஞ்சின் தெரியும். ஆலோசனையும் ஒரே நேரத்தில் கிடைக்கும்.

வெளியூர்ப்பிறவி என்பது வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்த அம்பாசிடரும் (1489 சி.சி.), பம்பாய்க் குர்லாவில் பிறந்து 1974 முதல் பத்மினி என்ற பெயர் பூண்ட ஃபியட்டும் (1089 சி.சி.). இரண்டும் இங்கே குடியேறி, தமிழ் பேசும் மெக்கானிக்கால் வளர்க்கப்பட்டு, உள்ளூராகவே ஆகிவிட்டவை.

வேடதாரி என்பது மேலே ஒன்று, உள்ளே ஒன்று. ரோவர் எஸ்.டி.1-இன் நாகரிக உடம்புக்குள் பழைய வேன்கார்டு வம்சத்து 1991 சி.சி. எஞ்சினை வைத்து வண்டலூரில் 1985-இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு 2000 இதற்குத் தலையாய உதாரணம். வாக்ஸ்ஹால் உடம்புக்குள் அம்பாசிடர் எஞ்சினோடு ஓடிய தொடக்கக்காலக் கான்டெசா இரண்டாம் உதாரணம். இவ்வகைக்கு மைலேஜ் கேட்பது முறையன்று. பெரிய உடம்பைச் சிறிய மூச்சு இழுக்கிறது. மூச்சு வாங்கத்தான் செய்யும்.

இளங்கிழம் என்பது 1983-இல் வந்த மாருதி 800. நாற்பது வயது கடந்தும், "அதெல்லாம் பழைய கார் லிஸ்ட்ல வராது சார்" என்று உரிமையாளரே மறுக்கும் வண்டி. 796 சி.சி. எஞ்சினும் அதற்கேற்ற எடையும் கொண்டதால் மற்ற மூன்று வகையினர் முன்னிலையில் இதன் மைலேஜைச் சொல்வது மரியாதை ஆகாது.

சட்டம் வேறொரு வகை சொல்லும். மத்திய அரசு 2021-இல் வகுத்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து, பிறந்த உருவம் மாறாமல் இருக்கும் வண்டி விண்டேஜ் எனப் பதிவாகலாம், எண்ணில் 'வி.ஏ.' என்னும் எழுத்து வரும்; புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் நிரப்புதல் ஆகியவற்றுக்கு மட்டும் சாலையில் இறக்கலாம். பெட்ரோல் நிரப்பப் போவதற்காகப் பெட்ரோல் செலவழிக்கலாம் என்று சட்டமே ஒப்புக்கொண்டபின் மைலேஜ் ஆராய்ச்சிக்கு வேறு அங்கீகாரம் வேண்டுமோ?

இரண்டாம் அதிகாரம்: சொல்வோன் வகை

ஓடிய தொலைவை ஊற்றிய அளவால்
வகுத்தது மைலேஜ்; வாய்வழி அதுவே
ஏழாய்ப் பிரியும் என்மனார் அறிந்தோர்.

உரை: மைலேஜ் வண்டியில் பிறப்பதென்று பலர் எண்ணுவர். அது சொல்வோன் வாயிலும் பிறக்கும். ஒரே ஹெரால்டுக்கு ஏழு எண் உண்டு.

ஒன்று, ஏட்டு மைலேஜ். கம்பெனி அச்சிட்ட தாளிலும் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளிலும் காணப்படுவது. வண்டி புதியது, ஓட்டியவன் பொறுமைசாலி, சாலையில் மாடு இல்லை. அதிலும் ஒரு கண்ணி உண்டு: கணக்கு கேலனுக்கு இத்தனை மைல் என்றிருக்கும். ஆங்கில கேலன் 4.546 லிட்டர். கேலனுக்கு 35 மைல் என்றால் லிட்டருக்கு 12.4 கிலோமீட்டர். அதையே 3.785 லிட்டர் கொண்ட அமெரிக்க கேலனால் வகுத்தால் 14.9 வரும். வண்டியைத் தொடாமலே இரண்டரை கிலோமீட்டர் லாபம் பார்க்கும் வழி இது ஒன்றுதான்.

இரண்டு, தந்தை மைலேஜ். "அந்தக் காலத்துல பத்து ரூபாய்க்கு போட்டா மெட்ராஸ் போய்ட்டு வந்துடலாம்டா" என்பது இதன் வாய்பாடு. இதில் லிட்டரும் இல்லை, கிலோமீட்டரும் இல்லை. ஆனால் மறுத்துப் பேச முடியாத உறுதி உண்டு. சரிவு கண்ட இடமெல்லாம் நியூட்ரலில் விட்டு உருண்டதை அப்பா சொல்ல மாட்டார். பிரேக் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று நாமும் கேட்க மாட்டோம்.

மூன்று, புரோக்கர் மைலேஜ். "ஹைவேஸ்ல பதினாலு, டவுன்ல பன்னெண்டு." எந்த வண்டிக்கும் பொருந்தும், வண்டியைப் பார்க்காமலும் சொல்லலாம். விற்கும்போது பதினாலாக இருப்பது, அதே வண்டியை அதே புரோக்கரிடம் திருப்பிக் கொடுக்கப் போகும் நாளில், "ஒம்போது கூட குடுக்காது, யாரு எடுப்பாங்க?" என்று திரியும்.

நான்கு, மெக்கானிக் மைலேஜ். இது முற்பில், பிற்பில் என இரண்டு. பில் போடுமுன், "இந்த வண்டிக்கு இதுக்கு மேல எதிர்பாக்காதீங்க சார்." பில் போட்டபின், "இப்ப ரெண்டு கிலோமீட்டர் ஏறியிருக்கும், ஓட்டிப் பாருங்க." இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே நாளில் வரும். இரண்டும் உண்மையாகவே இருப்பதுண்டு என்பதே இதன் சிறப்பு.

ஐந்து, முள் மைலேஜ். டாஷ்போர்டு முள்ளைப் பார்த்து அறிவது. வளைவில் திரும்பினால் அரை டேங்க், பிரேக் பிடித்தால் கால் டேங்க், மேட்டில் நிறுத்தினால் முக்கால் டேங்க். முள்ளை நம்பியவர்கள் கேனோடு நடந்த வழிகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல.

ஆறு, வீட்டு மைலேஜ். வீட்டிலிருப்போர் பேங்க் மெசேஜ்களைக் கூட்டி அறிவது. வண்டி நின்றுபோய் ஆட்டோவில் திரும்பிய கூலியும், டோ செய்த கூலியும் இக்கணக்கில் பெட்ரோலாகவே சேரும். ஏழிலும் மிகக் குறைந்த எண் இதுதான். எதிர்வாதம் செய்து வென்றவர் இல்லை.

ஏழு, மெய் மைலேஜ். டேங்கை நிரப்பி, ஓட்டி, மீண்டும் நிரப்பி, ஊற்றிய லிட்டரால் ஓடிய கிலோமீட்டரை வகுப்பது. அதே பங்க், அதே பம்பு, ஆட்டோ கட் ஆனதும் நிறுத்துவது, "ரவுண்டா ஆக்கிடட்டுமா சார்?" என்ற அன்புக்கு இணங்காதிருப்பது. ஐந்து லிட்டர் ஊற்றிக் கணக்கிட்டால் கழுத்துவரை நிரம்புவதில் வரும் ஒரு லிட்டர் பேதம் 20 சதவீதப் பொய்யாகும். இருபத்தைந்து லிட்டரில் அதே பேதம் 4 சதவீதம். ஆதலால் ஒரு நிரப்பலை வைத்துத் தீர்ப்பு எழுதலாகாது. நாலைந்து நிரப்பலைக் கூட்டிச் சராசரி காண்க.

மீட்டரையும் சோதிக்க வேண்டும். பழைய டயர் அளவு கிடைக்காமல் சற்றுச் சிறிய டயர் போட்டிருந்தால் சக்கரம் அதிகம் சுற்றும். 100 கிலோமீட்டருக்கு மீட்டர் 104 காட்டும். மைல்கல் பத்தை எண்ணி ஓட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். போனில் இருக்கும் மேப்பும் போதும். மைல்கல்லிடம் கேட்பது மட்டும் பழங்காருக்குக் கூடுதல் கௌரவம்.

மூன்றாம் அதிகாரம்: நிலமும் பொழுதும்

நிலம் ஐந்து என்பதை நாம் புதிதாகச் சொல்லவில்லை, இவ்வட்டாரத்திலும் ஐந்துண்டு.

குறிஞ்சி, திருக்கழுக்குன்றம். அங்கே வண்டி மலையேறுவதில்லை, அடிவாரத்தில் நிற்கிறது. ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறுவது நாம். ஆகவே குறிஞ்சி மைலேஜ் என்பது ஓட்டுநரின் மைலேஜ். அது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முல்லை, வண்டலூர்க் காட்டோரம். ஞாயிற்றுக்கிழமை உயிரியல் பூங்காவுக்குப் போவோர் வரிசையில் முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஊர்ந்தால், லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கழிக்க.

மருதம், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஏரியும் வயலும் இருபுறம். வேகம் 45, 50. ஓவர்டிரைவ் இல்லாத நாலு கியர் வண்டிக்கு இதைவிட உகந்த வழி இல்லை. ஊருக்கு ஊர் உள்ள வேகத்தடை மட்டுமே இதன் குற்றம். தடைக்கு நின்று, மறுபடி எழும் ஒவ்வொரு முறையும் முன்பு சேர்த்த வேகத்தைப் பிரேக்கில் சூடாக்கி வீசிவிட்டுப் புதிதாகப் பெட்ரோல் கொடுத்து வாங்குகிறோம்.

நெய்தல், முட்டுக்காடு தாண்டி மாமல்லபுரம் நோக்கிய கடற்கரைச் சாலை. சாலை நன்று, அதுவே ஆபத்து. பின்னால் வரும் எஸ்.யூ.வி. விளக்கடிக்க, ரோஷம் வந்து 90 தொடுவோர் உளர். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 60-இலிருந்து 90-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. பிற்பகலில் கடற்காற்று வேறு. எதிர்க்காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால் 60-இல் போகும் வண்டி காற்றின் கணக்கில் 75-இல் போகிறது. எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆகவே ஒருவழி மைலேஜ் செல்லாது. போக வர இரண்டும் சேர்த்தே கணக்கிடுக. நெய்தலில் நிறுத்தி வைப்பதும் செலவே: உப்புக்காற்று டிரம்மையும் ஹேண்ட்பிரேக் கேபிளையும் துருவேற்றும், துரு சக்கரத்தைப் பிடிக்கும், பிடித்த சக்கரத்தை இழுக்கப் பெட்ரோல் வேண்டும்.

பாலை, பரனூர் டோல்கேட். இதற்குப் பெரும்பொழுது பொங்கலும் தீபாவளியும். சென்னையே தெற்கு நோக்கி நகரும் அந்த மாலையில் பழங்கார் வரிசையில் நின்றால் ஐடிலில் மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் எரியும். ஓடிய தொலைவு பூச்சியம். பூச்சியத்தை எதனால் வகுத்தாலும் பூச்சியமே. டெம்பரேச்சர் முள் மட்டும் முன்னேறும்.

நான்காம் அதிகாரம்: போக்கு வகை

சரியாய் எரியாமை, சக்கரம் பிடித்தல்,
தானே ஒழுகல், சரக்கில் குறைதல்
என்றிந் நான்கே பெட்ரோல் போம்வழி.

உரை: சரியாய் எரியாமை. பாயிண்ட் தேய்ந்து கேப் மாறினால் பொறி பலவீனமாகும், டைமிங்கும் நகரும். டேப்பட் இறுகினால் வால்வு மூடாது. ரிங் தேய்ந்தால் கம்ப்ரஷன் ஓடிப்போகும். சோக் முழுதும் திரும்பாமல் நின்றால் எஞ்சின் நாள் முழுதும் விடியற்காலை என்றே எண்ணிக் குடிக்கும். இவ்வூருக்கே உரிய இன்னொன்று, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிதல். "நம்ம வெயிலுக்கு அது எதுக்கு சார்?" என்பது வழக்கு. எஞ்சினை அளவுக்கு மீறிக் குளிர விடாமல் காப்பதும் அதன் வேலைதான். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படிந்து ஆயிலோடு கலக்கும். மைலேஜும் குறையும், எஞ்சின் ஆயுளும் குறையும். சூடேறுகிறதென்றால் நோய் ரேடியேட்டரில்.

சக்கரம் பிடித்தல். டயரில் காற்றுக் குறைவு, அலைன்மென்ட் கோணல், டிரம்மை உரசும் பிரேக் ஷூ. சமதரையில் வண்டியை நியூட்ரலில் விட்டு ஒருவர் தள்ளினால் நகர வேண்டும். இருவர் தள்ளி நகர்ந்தால் மைலேஜைப் பற்றி மூன்றாமவரிடம் பேச வேண்டாம்.

தானே ஒழுகல். பம்பு டயாஃபிரம், ஹோஸ், கார்புரேட்டர் ஃப்ளோட் ஊசி இவற்றின் வழியே சொட்டுதல். வெயிலில் நிற்கும்போது டேங்க் மூடி வழியே ஆவியாதல். வாரம் ஒருநாள் ஓடும் வண்டி மற்ற ஆறு நாளும் சும்மா இருக்கிறதென்று கொள்ளற்க. பெட்ரோல் வாசனை கார் ஷெட்டில் வந்தால் அது ஏக்கத்துக்குரிய மணம் அன்று. தீ விபத்துக்கு முன்னுரை.

சரக்கில் குறைதல். இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் வெப்பச் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களுக்கே 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை சொல்லியிருந்தது. ஹெரால்டுக்கு யாரும் எதையும் சரிசெய்யவில்லை. அதன் கார்புரேட்டர் ஜெட் பழைய பெட்ரோலுக்கு அளவெடுத்தது. எத்தனால் சேர்ந்தால் கலவை மெலியும். பழைய ரப்பர் ஹோஸும் டயாஃபிரமும் ஊறிப் பிளக்கும். டேங்கில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் அதோடு கூட்டணி வைத்துப் பிரிந்து அடியில் தங்கும். எனவே எத்தனால் தாங்கும் ஹோஸ் போடுக. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பழம் பெட்ரோலை வைத்திருக்கற்க.

ஐந்தாம் அதிகாரம்: எதிர்பார்ப்பு

இனி எண். நல்ல நிலையில் உள்ள வண்டி, சீரான ஓட்டு, ஏ.சி. இல்லை, இன்றைய பெட்ரோல் என்று கொள்க.

ஹெரால்டு, கெசல்: ஊருக்குள் 8 முதல் 9, மருத நிலத்தில் 10 முதல் 12. பத்மினி: ஊருக்குள் 9 முதல் 10; வெளியே 11, 12. அம்பாசிடர் பெட்ரோல்: ஊருக்குள் 7 முதல் 8, வெளியே 9, 10. வேடதாரி: ஊருக்குள் 6, 7, வெளியே 8 வந்தால் நிறைவு கொள்க. மாருதி 800: 13 முதல் 17; மேற்சொன்னோர் எதிரே மெதுவாகச் சொல்க.

இவ்வெண்ணுக்கு இரண்டு குறைந்தால் நான்காம் அதிகாரத்துக்குத் திரும்புக. இரண்டு கூடினால் மீட்டரைச் சோதிக்க. நான்கு கூடினால் அது புரோக்கர் மைலேஜ்.

ஆறாம் அதிகாரம்: பயன்

பிறர் கூறுவர்: "மைலேஜ் கூட்டினால் பணம் மிச்சம்." அது பொருந்தாது. என்னை? பழங்கார் ஆண்டுக்கு 1,500 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். லிட்டருக்கு 9 தந்தால் 167 லிட்டர். 12 தந்தால் 125 லிட்டர். வித்தியாசம் 42 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தால் ஆண்டுக்கு 4,200 ரூபாய். இதை மிச்சம் பிடிக்கப் புதுக் கார்புரேட்டர் தேடிச் சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளுக்கு இரண்டு நடை போய், ஜெட் மாற்றி, மறுபடி பழைய ஜெட்டையே போட்டு, அதற்குக் கூலியும் கொடுத்தோர் வென்ற தொகை எதிர்க்குறியில் இருக்கும்.

அற்றாயின் மைலேஜ் எதற்கு எனின், நாடி பார்ப்பதற்கு. வைத்தியர் நாடியைக் கூட்டித் தருவதில்லை; அது மாறினால் எங்கே நோய் என்று தேடுகிறார். பத்து கொடுத்த வண்டி பத்தே கொடுத்துக்கொண்டிருந்தால் அது ஆரோக்கியம். ஏட்டில் பன்னிரண்டு என்றிருப்பது அதற்குப் பொருட்டன்று. பத்து எட்டானால், நாம் காதால் கேட்கவோ மூக்கால் உணரவோ தொடங்குமுன் எங்கோ ஒரு ஷூ உரசுகிறது, ஒரு டேப்பட் இறுகுகிறது, ஒரு ஹோஸ் கசிகிறது. இதைச் சொல்ல அவ்வண்டியில் கம்ப்யூட்டர் இல்லை. எச்சரிக்கை விளக்கு இல்லை. டேங்க்கும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான் உண்டு. எனவே நிரப்பும்தோறும் தேதி, கிலோமீட்டர், லிட்டர், போன வழி நான்கையும் குறித்து வைக்க. எண் எவ்வளவு என்பதைவிட எண் நகர்ந்ததா என்பதே கேள்வி.

பயிற்சி வினாக்கள்

1. சென்ற மாதம் பத்து கொடுத்த ஹெரால்டு இம்மாதம் எட்டு கொடுத்தால் முதலில் தொட வேண்டியது எது? (கார்புரேட்டர் என்று எழுதியோருக்குப் பூச்சியம். போன வழி, டயர் காற்று, பிரேக் உரசல், சோக், பாயிண்ட், டேப்பட் என்று வரிசையாக எழுதி, கடைசியில் மட்டும் கார்புரேட்டர் என்றோருக்கு முழு மதிப்பெண்.)

2. தீபாவளிக்கு முதல் நாள் மாலை ஐந்து மணிக்குப் பரனூர் வழியே கான்டெசாவில் புறப்படுவோன் எதிர்பார்க்க வேண்டிய மைலேஜ் யாது? (ஏன் புறப்பட்டான் என்று எதிர்க்கேள்வி எழுதியோருக்கும் மதிப்பெண் உண்டு.)

3. மாமல்லபுரம் பேருந்து நிலையம் அருகே ஒருவர் வந்து "எவ்ளோ குடுக்குது?" என்கிறார். விடை தருக. ("பத்து சார். போன வருஷமும் பத்துதான்." இவ்விரண்டு வாக்கியத்துக்கு மேல் எழுதியோருக்கு மதிப்பெண் குறைக்கப்படும்.)